நிற்க மறுத்தவர்

"ஏறி நில்லுங்க" என்றார் எடை எழுத்தர்.

அவர் தலை நிமிரவில்லை. ஒரு நாளைக்கு இருநூறு பேரிடம் அதையே சொல்கிற மனுஷன், ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்தால் கழுத்து என்னத்துக்கு ஆகும்?

"சார், என்னால நிக்க முடியாதுங்க" என்றார் மிக்சிக்காரர்.

"செருப்பைக் கழட்டிட்டு ஏறி நில்லுங்க."

"செருப்பு போடறதே இல்லைங்க. நிக்கறதுதான்..."

எழுத்தர் இப்போது நிமிர்ந்தார். சக்கர நாற்காலியைப் பார்த்தார். அதில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். பின்னால் கைப்பிடியைப் பிடித்தபடி நின்ற மனைவியைப் பார்த்தார். பிறகு, உலகத்திலேயே தான் நம்புகிற ஒரே பொருளான படிவத்தைப் பார்த்தார். அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று 'நின்றார்'. மற்றொன்று 'நிற்க மறுத்தார்'.

"அப்ப நிற்க மறுத்தார்னு போட்டுக்கறேன்."

"மறுக்கலைங்க சார். முடியல."

"முடியலங்கறதுக்குக் கட்டம் இல்லைங்க. இருந்தா போட மாட்டேனா? எனக்கு என்ன உங்க மேல கோபமா?"

இப்படியாக, ஆறு வருஷமாக நிற்க ஆசைப்பட்டுக்கொண்டிருந்த ஒருவர், அரசாங்க மையில் நிற்க மறுத்தவர் ஆனார்.

மிக்சிக்காரர் முன்பு வீடுகளுக்கு ஒயரிங் வேலை செய்தவர். ஏணி வழுக்கி விழுந்து தண்டுவடம் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அதற்குப் பிறகு வீட்டின் முன்னறையில் மேஜை போட்டு, தெருவில் உள்ள மிக்சிகளையெல்லாம் பழுது பார்க்க ஆரம்பித்தார். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது அங்கிருந்த பிசியோதெரபி அம்மா ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். "இனிமே உங்க தோள்தான் உங்க கால். எடை கூடினா தோள் போயிடும். ஜாக்கிரதை." அந்த அம்மா மாற்றலாகிப் போய்விட்டார். எடை மாற்றலாகிப் போகவில்லை. கால் வேலை செய்வதை நிறுத்திவிட்டது. வயிறு மட்டும் அந்தத் தகவல் கிடைக்காததுபோல், ஏணி ஏறுகிற ஆளுக்கு வேண்டிய சாப்பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தது. போதாததற்கு, மிக்சியைப் பழுது பார்க்கக் கொண்டுவருகிறவர்கள் "பாவம், ஒரே இடத்துல உக்காந்திருக்காரு" என்று இரக்கப்பட்டு, ஆளுக்கொரு தட்டில் இனிப்பு கொண்டுவந்து வைத்தார்கள். இரக்கத்தைத் தின்று தின்று அவருக்குத் தொப்பை போட்டது.

முன்பெல்லாம் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு வழவழப்பான பலகையைப் பாலம்போல் போட்டு, இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி, தானாகவே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்விடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலையில் பாதிப் பலகையில் மாட்டிக்கொண்டார். கை தூக்கவில்லை. சரிய ஆரம்பித்தவரை மனைவி ஓடிவந்து தாங்கினாள். அவர் பிழைத்தார். அவளுடைய வலது தோள் பிடித்துக்கொண்டது. அவள் தையல் மிஷினில் பள்ளிச் சீருடை தைக்கிறவள். வலது தோள் இல்லாமல் தையல் எங்கே? அன்றிலிருந்து தினம் நான்கு தடவை அவரைத் தூக்கி உட்கார வைக்கிறாள். ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்கிறாள். அந்த "ஒண்ணுமில்ல"தான் மிக்சிக்காரரைத் தூங்கவிடாமல் செய்தது.

அதே ஆஸ்பத்திரியில் கை மிதி அறை என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டார். சைக்கிள் மிதிப்பதுபோல் கையால் சுற்றுகிற இயந்திரம். எடையும் குறையும், தோளும் உறுதிப்படும். ஆனால் அந்த அறைக்குப் போக எடைச் சீட்டு வேண்டும். எடைச் சீட்டுக்கு எடைக் கட்டுப்பாட்டுத் துறை. அதனால்தான் வந்தார்.

"நிற்க மறுத்தவங்க மாடிக்குப் போய்த் துறைத் தலைவர்கிட்ட நேர்ல விளக்கம் குடுக்கணும்" என்றார் எழுத்தர். "ரெண்டாவது மாடி."

லிஃப்ட் இருந்தது. அதன் கதவில் ஒரு பூட்டு தொங்கியது. மேலே ஒரு பலகை: 'படி ஏறுங்கள், பயன் பெறுங்கள் - எடைக் கட்டுப்பாட்டுத் துறை'.

"நோயாளிகள் நலனுக்காகப் பூட்டி வெச்சிருக்கோம்" என்று எழுத்தர் விளக்கினார். "ஃபைல் கொண்டுபோக மட்டும்தான் திறப்போம். ஃபைல் படி ஏறாது பாருங்க."

"நானும் ஏற மாட்டேனே சார்" என்றார் மிக்சிக்காரர்.

எழுத்தர் யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. கட்டங்களுக்கு நடுவே வாழ்ந்து பழகியவர், அவ்வளவுதான். மிக்சிக்காரரின் ஃபைலை அவர் மடியில் வைத்து, ஒரு சீட்டில் 'இணைப்பு: ஒன்று' என்று எழுதி, குண்டூசியால் அவருடைய சட்டையில் குத்தினார். பூட்டு திறந்தது. ஃபைலும் அதன் இணைப்பும் கண்ணியமாக மாடிக்குப் போய்ச் சேர்ந்தன. மனைவி இணைப்பில் வராததால் படி ஏறி வந்தாள்.

மாடியில் இறங்கியதுமே எதிரே கண்ணாடிச் சுவர் போட்ட அறை. உள்ளே கை மிதி இயந்திரம். பளபளவென்று இருந்தது. வாங்கி வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. மிக்சிக்காரர் அதைப் பார்த்த பார்வையில், மனைவி அவர் தோளில் கை வைத்து அழுத்தினாள்.

துறைத் தலைவர் ஒல்லியான டாக்டர். சுவர் முழுக்க அம்புக்குறிகள் கீழ்நோக்கிப் போகும் வரைபடங்கள். ஃபைலை வாங்கினார். இணைப்பை ஏற இறங்கப் பார்த்தார்.

"தினமும் எவ்வளவு நேரம் நடக்கறீங்க?"

"நான் நடக்கறதில்லைங்க டாக்டர்."

"அதான் பிரச்சினையே. எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. ஒருத்தர் நேரமில்லைங்கறார். ஒருத்தர் முட்டி வலிங்கறார். நீங்க தண்டுவடம்ங்கறீங்க. சாக்குப்போக்கு ஆளாளுக்கு மாறும், தொப்பை ஒண்ணுதான்."

"டாக்டர், அவருக்குக் கால்ல உணர்ச்சியே கிடையாதுங்க" என்றாள் மனைவி.

"ரொம்ப நல்லதும்மா. அப்ப கால் வலிக்குதுன்னும் சொல்ல முடியாது."

மிக்சிக்காரர் பொறுமையாகக் கேட்டார். "கால் வேலை செய்யாத ஆளு எவ்வளவு சாப்பிடணும், என்ன சாப்பிடணும்னு மட்டும் சொன்னீங்கன்னா போதும் டாக்டர். அப்புறம் அந்தக் கை மிதி அறை..."

டாக்டர் கையைத் தூக்கி நிறுத்தினார். "இந்தத் துறை ஆரம்பிச்சு ஏழு வருஷம் ஆச்சு. எங்க நோயாளிகள்ல ஒருத்தருக்குக்கூட எடை கூடினதா வரலாறே கிடையாது. ஏன்? எடை கூடினவங்க பேரை அன்னிக்கே எடுத்துடுவோம். அந்த மாதிரி கண்டிப்பு வேற எங்கயும் பார்க்க முடியாது. கை மிதி அறை வேணும்னா முதல்ல ஆர்வத்தைக் காட்டுங்க. ரெண்டு மாசத்துல நூறு கிலோவுக்குக் கீழ வாங்க. அப்புறம் பேசலாம்."

"நான் இப்பவே எண்பத்தி நாலுதாங்க. பழைய பேப்பர் கடைத் தராசுல நாற்காலியோட ஒரு தடவை, நாற்காலியை மட்டும் ஒரு தடவை நிறுத்து, கழிச்சுப் பார்த்துட்டோம்."

"பேப்பர் கடையா? நீங்க என்ன பழைய பேப்பரா? முறைப்படி எடை பாருங்க."

முறைப்படி என்றால், ஆஸ்பத்திரிச் சமையலறையில் மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு. நாற்காலியோடு அவரை அதில் ஏற்றினார்கள். எழுத்தர் முள்ளைப் பார்த்து நூற்றுப் பதினொன்று என்று எழுதினார்.

"சார், நாற்காலி இருபத்திரண்டு கிலோ. பின்னால மாட்டியிருக்கற ஸ்பேனர் பை அஞ்சு கிலோ. அதைக் கழிச்சுக்குங்க."

"கழிக்கற அதிகாரம் எனக்கு இல்லைங்க. கண்ணால பார்த்த எடையைத்தான் எழுதலாம். நாற்காலி இல்லாத எடையை நான் பார்த்தேனா?"

"அப்ப நாற்காலியை மட்டும் தனியா நிறுத்துப் பாருங்க."

"நோயாளிச் சீட்டு இல்லாம எப்படிங்க எடை பார்க்கறது? நாற்காலி பேர்ல சீட்டு இருக்கா?"

இல்லை. அந்த நாற்காலிக்கு இதுவரை ஒரு வியாதியும் வந்ததில்லை. ஆகவே மிக்சிக்காரர் நூற்றுப் பதினொரு கிலோ ஆனார். கையில் ஒரு வழிகாட்டித் தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். அதில் பத்து யோசனைகள். முதலாவது, தினமும் பத்தாயிரம் அடி நடக்கவும். பத்தாவது, டிவி பார்க்கும்போது நின்றுகொண்டே பார்க்கவும்.

வீட்டுக்கு வந்ததும் மிக்சிக்காரர் தன் சொந்தத் துறையை ஆரம்பித்தார். மேஜையில் ஒரு பலகை வைத்தார்: 'இனிப்பு கொண்டுவருகிறவர்களின் மிக்சி பழுது பார்க்கப்படமாட்டாது.' தெருவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. தட்டைச் சின்னதாக்கினார். இரண்டாவது தடவை பரிமாற வந்த மனைவியின் கரண்டியைக் கையால் மறைத்தார். பதினைந்து நாளில் பேப்பர் கடைத் தராசு மூன்று கிலோ குறைவு என்றது. பேப்பர் கடைக்காரர் அவரைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார்.

ஆனால் மறுபடி எடை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, வழியில் ஒரு வீட்டில் கொடுக்கவேண்டிய மிக்சி மடியில் இருந்தது. அந்த வீடு பூட்டியிருந்ததால் மிக்சியும் கூடவே தராசில் ஏறியது. நாலு கிலோ.

"நூத்திப் பன்னெண்டு" என்றார் எழுத்தர். "ஒரு கிலோ ஏறிட்டீங்களே!" அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

"அது மிக்சிங்க சார்."

"மிக்சியைக் குறை சொல்லாதீங்க. நாக்கைக் கட்டுங்க." பேரை எடுப்பதற்குப் பதிலாக, கடைசி வாய்ப்பு என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். சொன்னேனே, கெட்டவர் இல்லை.

அடுத்த பதினைந்து நாளில் உடம்பு இன்னும் ஒரு கிலோ இறங்கியது. மனைவியின் தோளோ இன்னும் மோசமாகியது. கை மேலே ஏறவே இல்லை, சீப்பை இடது கையால் பிடித்துத் தலை வாரிக்கொண்டாள். மிக்சிக்காரர் அதைக் கண்ணாடியில் பார்த்தார். பார்க்காததுபோல் ஒரு மிக்சியைக் கழற்றினார். அதில் ஒரு பழுதும் இல்லை.

மூன்றாவது தடவை போனபோது ஆஸ்பத்திரி வாசல் மேட்டில் மோதி அவருடைய நாற்காலியின் முன்சக்கரம் உடைந்தது. காவலாளி ஓடிப்போய் ஆஸ்பத்திரி நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தார். மெல்லிசான அலுமினியம், பதினாலு கிலோ. ஸ்பேனர் பை உடைந்த நாற்காலியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மடியில் மிக்சியும் இல்லை.

எழுத்தர் முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "தொண்ணூத்தி நாலு!"

பதினைந்து நாளில் பதினெட்டுக் கிலோ. மிக்சிக்காரர் வாயைத் திறப்பதற்குள் எழுத்தர் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்குப் போய்விட்டார். அந்தத் துறையின் படிக்கட்டு ஒருவருக்காவது பயன்பட்டது என்றால் அது அன்றுதான்.

அடுத்த வாரம் விழா எடுத்தார்கள். மேடைக்கு ஐந்து படி. அதனால் பாராட்டப்படுகிறவர் மேடைக்குக் கீழேயும், பாராட்டுகிறவர்கள் மேலேயும் இருந்தார்கள். துறைத் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே! இவர் எங்ககிட்ட வரும்போது நிற்கவே மறுத்தவர். இன்னிக்கும் நிற்கலைதான், ஆனா எடை குறைஞ்சிருச்சு. இவருக்கு நாங்க மருந்து குடுத்தோமா? இல்ல. என்ன சாப்பிடணும்னு சொன்னோமா? அதுவும் இல்ல. அவரே கேட்டார், அப்பவும் சொல்லல. பயிற்சி அறைக்குள்ள விட்டோமா? கதவைக்கூடத் திறக்கல. எந்த உதவியும் பண்ணாம பதினெட்டு கிலோவைக் குறைச்சுக் காட்டின ஒரே துறை நம்ம துறைதான்!"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. பரிசுப் பெட்டியை ஐந்து படி இறக்கிக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். மனைவி பிரித்தாள். உள்ளே எடை பார்க்கும் மிஷின். வட்ட முகம், சிவப்பு முள். ஏறி நிற்பதற்கு இரண்டு பாதங்கள் வரையப்பட்டிருந்தன. கூடவே ஓர் அட்டை: 'மிஷின் தினமும் காட்டும் எண்ணை இதில் எழுதி வாரந்தோறும் அனுப்பவும். தவறினால் பரிசு திரும்பப் பெறப்படும்.'

"டாக்டர், நூறுக்குக் கீழ வந்துட்டேன். கை மிதி அறை?"

"நூறுக்குக் கீழ வந்துட்டீங்களே, இனிமே உங்களுக்கு எதுக்கு?"

"நூறுக்கு மேல இருந்தா?"

"மேல இருந்தா தகுதி கிடையாது."

"அப்ப அந்த அறை யாருக்குங்க?"

"பார்வையிட வர்றவங்களுக்கு" என்றார் டாக்டர், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

அன்று மிக்சிக்காரர் பரிசுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார். அவருக்கு அழுகை வந்தது. கோபமாக மாற்ற முயன்றார், முடியவில்லை. வீட்டில் மனைவி அவரைக் கட்டிலுக்கு மாற்றத் தூக்கியபோது, முதல் தடவையாக "ஒண்ணுமில்ல" என்று சொல்லவில்லை. "அம்மா" என்று கத்திவிட்டாள். மறுநாள் அவளைப் பார்த்த தெருமுனை டாக்டர், தையல் கூடாது, தூக்குவது அறவே கூடாது என்றார். பேப்பர் கடைக்காரர் காலையும் மாலையும் வந்து அவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன். ஆனால் மூட்டை தூக்கிப் பழகிய கை, சில நாள் அவரையும் சுவரோரமாகச் சாய்த்து வைக்கப் பார்த்தது.

கட்டிலில் பக்கத்திலேயே கிடந்தது பரிசு மிஷின். ஒருநாள் கோபத்தில் அதை ஓர் அமுக்கு அமுக்கினார். முள் இருபத்து நாலுக்குப் போய் நடுங்கியது. மிக்சிக்காரர் கையை எடுத்தார். மறுபடி அமுக்கினார். இருபத்து நாலு.

அவர் மோட்டாரோடு பிழைக்கிறவர். எண் ஒன்று கிடைத்துவிட்டால் அவருக்குப் புத்தி வேலை செய்யும். வலது பக்கம் மிஷின், இடது பக்கம் அதே உயரத்துக்கு ஒரு மரக்கட்டை. இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். கால் பாதம் தரையில் கொஞ்சம் தாங்கும். மீதியை இரண்டு கையும் பங்கு போட்டால், ஒரு கை முப்பத்தஞ்சு கிலோ தள்ளினால் இடுப்பு எழும்பும். பதினோரு கிலோதான் குறை.

காலையில் இருபது தடவை, மாலையில் இருபது தடவை. கூடவே தட்டு இன்னும் சின்னதாயிற்று. உடம்பு இறங்கினால் தள்ள வேண்டியதும் இறங்குமே. அட்டையில் தினமும் ஒழுங்காக எழுதினார். 24, 24, 25, 25, 26.

"என்னங்க, இதையா எழுதி அனுப்பறீங்க?" என்றாள் மனைவி.

"மிஷின் காட்டற எண்ணை எழுதச் சொல்லியிருக்காங்க. காட்டறதை எழுதறேன். கழிக்கற அதிகாரம் எனக்கு இல்ல."

ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலையில் தபால் வந்தது. அனுப்பியது அதே ஆஸ்பத்திரியின் எடை கூட்டல் பிரிவு. அப்படி ஒரு பிரிவு இருப்பதே அன்றுதான் தெரிந்தது. மனைவி வாசலில் நின்று உரக்கப் படித்தாள்.

"'ஐயா, தங்கள் எடை ஒரே வாரத்தில் தொண்ணூற்று நான்கிலிருந்து இருபத்து நான்காகச் சரிந்ததை அறிந்து இப்பிரிவு மிகுந்த கவலை கொண்டது. இப்பிரிவு கவலைப்படத் தொடங்கியதிலிருந்து தங்கள் எடை படிப்படியாகக் கூடி முப்பத்தாறை எட்டியுள்ளது. இது இப்பிரிவின் மாபெரும் வெற்றி. எனினும் தாங்கள் மிகவும் பலவீனமாக இருப்பதால், வாரம் மூன்று நாள் கை மிதி அறையில் பயிற்சிக்கு அனுமதிக்கப்படுகிறீர்கள். படி ஏறித் தங்கள் எடையை வீணாக்க வேண்டாம். தங்களுக்காக லிஃப்ட் திறந்து வைக்கப்படும்.'"

உள்ளே பலகை உரசும் சத்தம் கேட்டது. வாசலில் இருந்தபடியே எட்டிப் பார்த்தாள். அவர் கட்டிலின் ஓரத்தில் இருந்தார். பலகை போட்டிருந்தது. அவர் இரண்டு கையையும் ஊன்றியிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"இருங்க, இருங்க! பேப்பர் கடைக்காரர் வரட்டும்!"

கடிதத்தைப் போட்டுவிட்டு, டாக்டர் சொன்னதையும் மறந்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் அவர் இடுப்பு எழும்பியது, பலகையில் ஒருமுறை தங்கியது, மறுபடி எழும்பியது. நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். நீட்டிய கைகள் நீட்டியபடியே நின்றன. பிடிக்க ஒன்றுமில்லாமல் அவற்றை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வலிக்குதா?" என்றார் அவர், மூச்சு வாங்க.

"ஒண்ணுமில்ல" என்றாள். இந்தத் தடவை அது உண்மை.

அவர் தரையில் கிடந்த கடிதத்தைக் குனிந்து எடுத்தார். ஒரு தடவை தானே படித்துப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சக்கரத்தைத் தள்ளிச் சுவரோரம் போய், மாட்டியிருந்த ஸ்பேனர் பையை எடுத்து நாற்காலியின் பின்னால் தானே மாட்டினார். மேஜையில் இருந்ததிலேயே பெரிய மிக்சியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் எதுக்குங்க?"

"கெளம்பு, கெளம்பு. எடை கூட்டற பிரிவு கூப்பிட்டிருக்கு. நாம போய் அவங்க வெற்றியைக் கெடுக்கலாமா?"